சின்னக் கிண்ணத்தில் எந்த மீன் வாழும்?

சம்பளம் போட்ட வாரம். குடும்பத்தோடு பட்டணத்துப் பசார் மாலாமுக்குப் போகிறீர்கள். ஒரு கடையில் பிளாஸ்டிக் பைகளில் தண்ணீர் ஊற்றி, ஆளுக்கொரு பை என்று தங்க மீன்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பக்கத்திலேயே பந்துபோல் உருண்டையான கண்ணாடிக் கிண்ணம், ஒரு பிடி நீலக் கல். பையன் உங்கள் கையைப் பிடித்து இழுக்கிறான். சில வெள்ளிதானே என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறீர்கள். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ விடிந்து பார்த்தால் மீன் மல்லாந்து மிதக்கிறது.

அடுத்து நடப்பதைப் பெற்றோர்கள் பல சமயம் பார்ப்பதில்லை. என் போன்ற ஆசிரியர்கள் பார்க்கிறோம். திங்கட்கிழமை காலை அந்தப் பிள்ளை மேசையருகே வந்து நின்று, "சார், என் மீனு செத்துப் போச்சு. நான் என்ன சார் தப்பு செஞ்சேன்?" என்று கேட்கும். சாப்பாடு அதிகம் போட்டேனா, தொட்டு விளையாடியதாலா என்று தன்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்ளும். அந்தப் பிள்ளை ஒரு தப்பும் செய்யவில்லை. அந்த மீனை அந்தக் கிண்ணத்தில் விட்டபோதே அதன் கதை முடிந்துவிட்டது. ஆகவே வாங்குவதற்கு முன் பெரியவர்கள் நாம் சில செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் தங்க மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சீன தேசத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே குளங்களில் வளர்த்துப் பழக்கிய மீன் இது. கெண்டை மீனின் உறவு. கடையில் சுண்டுவிரல் நீளம் இருப்பது குஞ்சு. நல்ல நீர் கிடைத்தால் ஒரு சாண் வரை வளரும். பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இங்கிலாந்தில் திஷ் என்ற பெயருடைய தங்க மீன் ஒன்று 43 வயது வரை இருந்து 1999-இல் இறந்தது. நம் வீட்டு மீன் நாலு நாளில் போகிறது என்றால் கோளாறு மீனில் இல்லை.

மீன் தான் வாழும் தண்ணீரிலேயே கழிவையும் விடுகிறது. செவுள் வழியாகவும் அமோனியா என்னும் நச்சு வெளியாகிறது. குளத்திலும் பெரிய தொட்டியிலும் கல், மண், வடிகட்டி ஆகியவற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த நச்சை மெல்ல மாற்றிவிடும். புதிதாகக் கழுவி வைத்த கிண்ணத்தில் அந்த நுண்ணுயிர்கள் இல்லை. ஒரு குடும்பத்தைச் சன்னலும் சாக்கடையும் இல்லாத ஒரே அறையில் பூட்டி வைத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தங்க மீன் நிறையத் தின்னும், நிறையக் கழிக்கும். அதற்கு 80 லிட்டர் தண்ணீராவது வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பெரிய சிமெண்டுத் தொட்டி இருந்தால் அதில் விடுங்கள், கிண்ணத்தில் வேண்டாம். "கிண்ணத்தின் அளவுக்குத்தான் மீன் வளரும்" என்று கடைக்காரர் சொல்வார். வளராமல் நிற்பது உண்மைதான். அழுக்குத் தண்ணீரில் குன்றிப்போய் நிற்கிறது. அதை ஒரு வசதி என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி இன்னொரு கறுத்த மீனையும் தலையில் கட்டுவார்கள். மலாய்க்காரர்கள் இதை 'ஈக்கான் பண்டாராயா' என்பார்கள். அதாவது நகராட்சி மீன்! பெயர் வேடிக்கையாக இருந்தாலும் இது முழங்கை நீளத்துக்கு வளரும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீனை, பெரிதானதும் வைத்துக்கொள்ள முடியாமல் ஆற்றில் விட்டார்கள். இன்று கிள்ளான் ஆற்றிலும் லங்காட் ஆற்றிலும் பெருகி, நம் நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது. எந்த வளர்ப்பு மீனானாலும் சரி, வேண்டாமென்றால் ஆற்றிலோ கால்வாயிலோ விடாதீர்கள்.

அப்படியானால் சின்னக் கிண்ணத்துக்கு எதுதான் ஏற்றது? என்னைக் கேட்டால் சண்டை மீன் ஒன்றுதான். 'ஈக்கான் லாகா' என்றால் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உடனே தெரியும். அதிலும் ஒரே ஒரு மீன்.

காரணம் இருக்கிறது. சண்டை மீனுக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு உண்டு. அதைக் கொண்டு நம்மைப்போல் மேல்காற்றை நேராகச் சுவாசிக்கும். உற்றுப் பாருங்கள், கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து வாயால் ஒரு மிடறு காற்றை இழுத்துக்கொண்டு இறங்கும். நெல் வயலிலும் தேங்கிய ஓடையிலும் பிறந்த இனம். காற்றுக் குறைந்த நீரில் வாழப் பழகியது. காற்றுப் பம்பு தேவையில்லை. நம் ஊர் வெயிலும் அதற்கு ஒத்துப்போகிறது. தண்ணீர் 26 முதல் 30 பாகை வரை இருந்தால் சுகமாக இருக்கும். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து வாசகர்கள் மட்டும் இதைத் தவிர்த்துவிடலாம்; அங்கே இரவுக் குளிர் 15 பாகை அளவுக்கு இறங்கும், சண்டை மீன் தாங்காது.

இந்த மீனின் தாயகம் சயாம். அங்கே 2019-இல் இதை நாட்டின் நீர்வாழ் விலங்காகவே அறிவித்துவிட்டார்கள். நம் நாட்டு வயல்களிலும் இதன் சிறிய உறவினம் ஒன்று உண்டு. அது அவ்வளவு சண்டைக்காரன் இல்லை. கடையில் விற்கும் ஆண் மீன்கள் அப்படியல்ல. இரண்டை ஒன்றாக விட்டால் செதிலும் துடுப்பும் கிழியும் வரை விடாது. சில இடங்களில் பெரியவர்களே காசு கட்டிச் சண்டைவிட்டு, பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பதுண்டு. சேவல் சண்டையைக் கண்டிப்பவர்கள் இதைச் சின்ன விஷயமாக விட்டுவிடுகிறார்கள். ரத்தம் தண்ணீரில் கரைந்துவிடுவதால் கண்ணில் படுவதில்லை போலும்.

காற்றை மேலே வந்து குடிக்கும் என்பதால் காப்பிக் கோப்பை அளவு தண்ணீர் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். மூச்சுக்குத்தான் அது தண்ணீரை நம்பவில்லை. கழிவின் நச்சு அதையும் கொல்லும். ஐந்து லிட்டருக்குக் குறையாத பாத்திரம் வேண்டும். பத்து லிட்டர் என்றால் மிக நன்று. அழகான உருண்டைக் கிண்ணத்தைவிட, பலகாரம் போட்டுவைக்கும் அகன்ற பெரிய ஜாடி மேல். உருண்டைக் கிண்ணம்தான் இருக்கிறது என்றால் கழுத்து வரை ஊற்றாதீர்கள். வயிறு அகன்றிருக்கும் இடம் வரை ஊற்றுங்கள். மேற்பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு காற்று தண்ணீரில் கலக்கும். மேலே ஒரு வலைத்துணியைக் கட்டிவிடுங்கள். சண்டை மீன் துள்ளும். காலையில் எழுந்து தரையில் தேட வேண்டியிருக்கும்.

இனித் தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கிறது. அகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் அது பறந்துவிடும். சிங்கப்பூர் வாசகர்கள் கவனிக்கவும்: அங்கே கலப்பது குளோரமின். அது வாளியில் வைத்தால் போகாது. கடையில் அதற்கென்று விற்கும் மருந்தைச் சொட்டுக் கணக்கில் விட வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, அடியிலுள்ள அழுக்கோடு மொண்டு ஊற்றிவிட்டுப் புது நீர் சேர்த்தால் போதும். முழுக்கக் கொட்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவி வைப்பது சுத்தமல்ல, கொலை. கொட்டும் தண்ணீர் ரோஜாச் செடிக்கு நல்ல உரம். திடலோரத்தில் வாதுமை மரம், மலாயில் கெத்தாப்பாங், இருந்தால் உதிர்ந்து காய்ந்த ஓர் இலையைக் கழுவிப் போடுங்கள். தண்ணீர் தேநீர் நிறமாகும். பயப்பட வேண்டாம், சண்டை மீனுக்கு அது பிடித்தமான தண்ணீர்.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். மருந்தடிக்கும் வேலைக்குப் போய்வந்த கையால், உடை மாற்றிக் குளிக்காமல், கிண்ணத்தைத் தொடாதீர்கள். (பிள்ளையையும் தொடாதீர்கள் என்பது வேறு விஷயம்.) டிங்கிக்காகப் புகை அடிக்க வரும்போது கிண்ணத்தை நன்றாக மூடித் தள்ளி வையுங்கள். கொசு மருந்துகளில் பெரும்பாலானவை மனிதனுக்குச் செய்யும் தீங்கைவிட மீனுக்குப் பல மடங்கு தீங்கு செய்யும். வீட்டில் தெளிக்கும் டப்பா மருந்தும் அப்படியே.

மீன் வளர்த்தால் கொசு வருமே என்று சில தாய்மார்கள் அஞ்சுவதுண்டு. மீன் உயிரோடு இருக்கும் கிண்ணத்தில் கொசுப்புழு தப்பாது. ஆபத்து, மீன் செத்த பிறகு செடியோடு மூலையில் கிடக்கும் கிண்ணத்தில்தான். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். மலேசியாவில் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டில் கொசுப்புழு இருந்தால் தண்டம் கட்ட நேரும். ஆகவே மீன் போனதும் கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள்.

ஒற்றை மீன் பிள்ளைக்குப் போதவில்லை, கூட்டமாக வேண்டும் என்றால் கப்பி மீன் இருக்கிறது. பத்து லிட்டருக்குக் குறைந்த பாத்திரத்தில் வேண்டாம். ஆண் மீன் மட்டும் மூன்று வாங்குங்கள். வண்ண வாலோடு சிறியதாக இருப்பது ஆண். பெண் ஒன்று சேர்ந்தால் ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும். முட்டையல்ல, நேராகக் குஞ்சு. ஆணைப் பிரித்தாலும் பல மாதங்களுக்குப் பிள்ளைப்பேறு நிற்காது. லயத்தில் வீட்டுக்கு வீடு கொடுத்துத் தீராது.

சாக்கடையோரம் பிடித்த மீனைப் பற்றியும் கேட்பீர்கள். தலையில் ஈயப் பொட்டு வைத்த 'கெப்பாலா தீமா' கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும் நல்ல மீன். ஆனால் அது ஓடைக்கே இருக்கட்டும். அங்கே அது செய்யும் வேலை பெரிது. 'புயூ' என்னும் பனையேறிக் கெண்டையை ஜாடியில் அடைக்கவே முடியாது. தரங்கம்பாடியில் பனைமரத்தில் ஏறிய இந்த மீனைப் பிடித்ததாக டால்டார்ஃப் என்ற அதிகாரி 1797-இல் எழுதி வைத்தார். மரம் ஏறியதோ இல்லையோ, ஜாடியைவிட்டு ஏறும். மேலும், எலி நடமாடும் சாக்கடையில் புண்ணுள்ள காலோடு பிள்ளைகள் இறங்கினால் எலிக் காய்ச்சல் வரக்கூடும்.

வாங்கும்போது கண்ணாடியருகே விரலைக் கொண்டுபோங்கள். மீன் திரும்பிப் பார்க்க வேண்டும், துடுப்பை விரிக்க வேண்டும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடப்பதையும், உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளி உள்ளதையும் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே கிண்ணத்துத் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, கிண்ணத்துத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் விடுங்கள்.

உணவில்தான் பிள்ளைகளின் அன்பு அளவு மீறும். சண்டை மீனின் வயிறு ஏறத்தாழ அதன் கண் அளவுதான். காலையில் இரண்டு மூன்று குருணை, மாலையில் அதேபோல். சோறும் ரொட்டியும் போட்டால் அழுகித் தண்ணீர் கெடும். வாரத்தில் ஒரு நாள் பட்டினி நல்லது. எங்கள் வகுப்பில் ஒரு ஜாடி இருக்கிறது. உணவு போடும் முறையை நாளுக்கு ஒரு பிள்ளை என்று பலகையில் எழுதியிருக்கிறோம். படிப்பில் பின்தங்கிய ஒரு மாணவன்தான் மேலே சோப்பு நுரைபோல் குமிழிகள் இருப்பதை முதலில் கண்டான். தண்ணீர் கெட்டுவிட்டது என்று எல்லாரும் பதறினார்கள். அது ஆண் மீன் முட்டைகளுக்காகக் கட்டும் கூடு. பெண் இல்லாவிட்டாலும் கட்டும். அன்று முதல் கூட்டைக் கலைக்காமல் தண்ணீர் மாற்றும் பொறுப்பை அவனே எடுத்துக்கொண்டான்.

தீபாவளிக்கு ஊருக்குப் போகிறீர்களா? முதல் நாள் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை மாற்றி, வெயில் படாத இடத்தில் ஜாடியை வையுங்கள். வளர்ந்த சண்டை மீன் நாலு நாள் உணவின்றித் தாராளமாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் உணவு டப்பாவைக் கொடுத்துவிட்டு மட்டும் போகாதீர்கள்.