தொலைக்கணினியிற் பணித்தொடர்

ஒரு பெருங்கருமத்தைச் சிறு கருமங்களாகப் பகுத்து, ஒன்று முடிந்தபின் மற்றொன்று நடைபெறுமாறு ஒழுங்குசெய்தலே பணித்தொடர் எனப்படும். தரவு திரட்டல், பிழை களைதல், கணித்தல், அறிக்கை ஆக்கல் என்பன அதன் உறுப்புக்கள். தொடரை நடத்தும் கணினி ஓரிடத்திலும், பணியைச் செய்யும் கணினி வேறோரிடத்திலும் இருத்தல் பெருவழக்கு. இவ்விரண்டையும் இணைக்கும் வழிகளுள் எஸ்.எஸ்.எச். முறை சிறந்ததாகும்.

முன்னர் வழங்கிய ரெல்நெற் முறையிலே கடவுச்சொல்லும் கட்டளையும் மறைப்பின்றியே சென்றன. 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிற் கடவுச்சொற்கள் திருடப்பட்டமையே, டாட்டு யுலோனென் என்பார் எஸ்.எஸ்.எச். முறையை ஆக்கக் காரணமாயிற்று. இதிலே செய்திகள் மறைகுறியாகச் செல்லும்.

நள்ளிரவில் ஆளின்றி நடக்கும் பணிக்குக் கடவுச்சொல்லைத் தட்டச்சிடுவார் இலர். ஆதலின் திறவுகோலிணை பயன்படும். பகிரங்கத் திறவுகோல் தொலைக்கணினியில் வைக்கப்படும். அந்தரங்கத் திறவுகோல் ஏவும் கணினியை விட்டு நீங்காது. தொலைக்கணினியும் தனக்குரிய திறவுகோலால் தன்னை மெய்ப்பித்தல் வேண்டும். அதனைச் சரிபாராது ஏற்பது, வேடதாரியை வீட்டினுள் அழைப்பதை ஒக்கும்.

ஏவிய கட்டளை முடிந்ததும் ஓர் எண் திரும்பி வரும். 0 எனின் வெற்றி. பிறவெண் எனின் தோல்வி. எஸ்.எஸ்.எச். தொடர்பே பிழைத்தவிடத்து 255 வரும். இங்கேதான் நுண்ணிய இடர்ப்பாடு ஒன்று உளது. கட்டளை சென்றபின் தொடர்பு அறுந்தால், பணி தொடங்கவில்லையா, பாதியில் நின்றதா, முற்றும் முடிந்ததா என்பதை ஏவிய கணினி அறியமாட்டாது. எயார்புளோ போன்ற முகாமைக் கருவிகள், அவ்வாறு பணிக்கப்பட்டிருப்பின், கட்டளையை மீண்டும் ஏவும். அப்பணி சம்பளத்தை வரவு வைப்பதாயின், ஒருவருக்கே இருமுறை வரவு விழுதல் கூடும். ஏவாது விடின், ஒருமுறையேனும் விழாது போதலும் கூடும்.

இதற்குப் பரிகாரம் யாது? பணி ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் கொடுத்தல் வேண்டும். தொலைக்கணினி பணியைத் தொடங்குமுன், அவ்வெண் முடிந்ததாகப் பதியப்பட்டுளதா என நோக்குதல் வேண்டும். பதியப்பட்டிருப்பின் மீளச் செய்யாது, முன்னைய விடையையே தருதல் வேண்டும். வரவும் அதன் பதிவும் ஒருங்கே நிறைவேறுதல் இன்றியமையாதது. ஒன்று நிகழ்ந்து மற்றது நிகழாதொழியின், பதிவேடே பொய்யுரைக்கும்.

மறைகுறி பிறர் களவினின்று காக்கும். அறுந்த தொடர்பினால் வரும் மயக்கத்தை அது தீர்க்காது. விடை வாராமை வேறு, வினை நிகழாமை வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்து, எத்துணைமுறை ஏவினும் பயன் ஒன்றாகவே அமையுமாறு பணியை வகுப்பவரே தொலைக்கணினியை நம்பித் தொழில் நடத்த வல்லர்.