மாரி தொடங்கிவிட்டது, கடல்மீன் தொட்டி கவனம்!

கடல்மீன் தொட்டியில் காலையில் ஒரு மீன் செத்து மிதந்தால், "ஒன்றுதானே போனது" என்று இருந்துவிடாதீர்கள். மாலைக்குள் மிச்சமும் போகக்கூடும். ஐப்பசியில் மழை இறங்கியதிலிருந்து மார்கழி கழியுமட்டும் யாழ்ப்பாணத்தில் தொட்டி வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் இந்த ஆபத்து உண்டு. கரண்ட் போவது, நுளம்புக்குப் புகை அடிப்பது, கிணற்றுக்கு மருந்து போடுவது, கரைக்கடலில் மழைத்தண்ணீர் சேருவது எல்லாம் இந்தக் காலத்தில்தான் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன.

மீன் செத்ததும் பலர் செய்யும் முதல் காரியம் மருந்துப் போத்தலைத் தேடுவது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். நேற்றுவரை நன்றாகத் தீன் எடுத்து ஓடித்திரிந்த மீன்கள் ஒரே இரவில் கூட்டமாகச் செத்தால் பெரும்பாலும் அது நோயல்ல. ஒன்றில் மூச்சு முட்டியிருக்கிறது, இல்லையென்றால் தண்ணீரில் நஞ்சு சேர்ந்திருக்கிறது. மருந்து தேட நாளைக்கும் நேரம் கிடைக்கும். காற்றுக்கு அரை மணித்தியாலம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2015 ஜூலையில் சிக்காகோவுக்குப் பக்கத்து புரூக்ஃபீல்ட் மிருகக்காட்சிச்சாலையில் ஒரு தொட்டியில் ஒட்சிசன் இறங்கியது. ஊழியர்கள் உடனே சரிசெய்ய இறங்கினார்கள். அதற்கிடையில் 54 திருக்கைகள் செத்துப்போயின. 2005 இல் கத்ரீனா சூறாவளியின்போது நியூ ஓர்லியன்ஸ் மீன்காட்சியகத்தில் ஜெனரேட்டர் நின்று, ஆயிரக்கணக்கான மீன்கள் அழிந்தன. ஆளும் கருவியும் நிறைந்த இடங்களிலேயே நிலை இதுவென்றால், விறாந்தையில் ஒரு பம்ப்பை நம்பி ஓடும் நமது தொட்டியை யோசித்துப் பாருங்கள்.

நன்னீரைவிடக் கடல்நீரில் ஒட்சிசன் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் கரையும். 25 பாகை செல்சியஸில் லீற்றருக்கு ஏழு மில்லிகிராமைக்கூட அது எட்டாது; 30 பாகையில் ஆறு சொச்சம்தான். தொட்டியில் மீன் மட்டும் மூச்சு விடுவதில்லை. முருகைக்கல்லில் வாழும் பற்றீரியாவும், வெளிச்சம் நின்ற பிறகு பாசியும் அதே ஒட்சிசனைத்தான் எடுக்கின்றன. ஆகவே பெரும்பாலும் விடியப்புறத்தில்தான் சாவு விழுகிறது. பெரிய மீனும் ஓயாமல் நீந்தும் மீனும் முதலில் போகும். டோர்ச் அடித்துப் பாருங்கள்: மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து, வாயைப் பிளந்து பிளந்து மூடி, செவுளை விரித்து அடித்துக்கொண்டிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க இடமில்லை.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டை அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி முன்னறிவித்தல் எதுவும் இல்லாமல் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. மாரியில் ஒரு பனைமரம் கம்பியில் சாய்ந்தாலே போதும், ஊருக்குக் கரண்ட் இல்லை. பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்றை இன்றைக்கே வாங்கிவையுங்கள். வீட்டுக் காற்றுப் பம்ப் சிறியதென்றால் ஐந்து வாற்றளவுதான் இழுக்கும். கணினிக்கு வைத்திருக்கும் யூ.பி.எஸ். கூட அதைக் கொஞ்ச நேரம் ஓட்டும். ஒன்றும் இல்லையா, பிளாஸ்டிக் ஜக் ஒன்றால் தொட்டித் தண்ணீரை அள்ளி, ஒரு முழ உயரத்திலிருந்து அதற்குள்ளேயே ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் இருபது முப்பது ஜக், வீட்டார் முறைவைத்து, கரண்ட் வரும்வரை. மூடியைத் திறந்துவையுங்கள். தீன் போடவே வேண்டாம். செப்புப் பாத்திரம் மட்டும் தொட்டிக்குக் கிட்டவும் வரக்கூடாது.

கரண்ட் வந்ததும் இன்னோர் ஆபத்து இருக்கிறது, பலர் இதைக் கவனிப்பதில்லை. மூடிய டப்பா வடிகட்டி பல மணித்தியாலம் நின்றிருந்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் அழுகி, பற்றீரியா செத்து, நஞ்சாகியிருக்கும். சுவிட்சைப் போட்டவுடன் அது அத்தனையும் தொட்டிக்குள் பாயும். அதைக் கழற்றி, உள்தண்ணீரைக் கொட்டி, தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரில் பஞ்சை அலசி, பிறகு போடுங்கள். கை விடுமுன் பிளக்கைக் கழற்றுங்கள். உப்புத்தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். ட்ரிப் சுவிட்ச் வேலைசெய்கிறதா என்று இன்றே அழுத்திப் பார்ப்பது உங்கள் பிள்ளைகளின் உயிருக்கும் நல்லது.

அடுத்தது நுளம்பு. மழை விட்டதும் டெங்குக்காகத் தெருத்தெருவாகப் புகை அடிப்பார்கள். அது மனிதருக்குத் தேவையான வேலை; தடுக்காதீர்கள். ஆனால் அந்தப் புகையில் சேர்க்கப்படும் மருந்துகளும், நுளம்புச்சுருளிலும் ஸ்பிரேயிலும் உள்ள பைரித்திரொயிட் வகை நஞ்சும் மீனுக்கும் றாலுக்கும் மிகச் சிறிய அளவிலேயே எமன். காற்றுப் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சி நேரே தண்ணீருக்குள் தள்ளுகிறது என்பதை மறந்துவிடுகிறோம். புகை வண்டியின் சத்தம் ஒழுங்கை முனையில் கேட்டதும் யன்னல்களைச் சாத்துங்கள், தொட்டியை ஈரச்சீலையால் மூடுங்கள், காற்றுப் பம்ப்பை நிறுத்துங்கள். தண்ணீரைச் சுழற்றும் பம்ப் ஓடட்டும். புகை அடங்கியதும் சீலையை எடுத்துக் காற்றைத் திரும்பப் போடுங்கள். தொட்டி இருக்கும் அறையில் சுருள் கொளுத்தவே வேண்டாம், வலை கட்டிப் படுங்கள்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மாரியில் பண்ணைப் பாலத்தடியிலும் குருநகர் இறங்குதுறையிலும் கடல்நீர் அள்ளாதீர்கள். பரவைக்கடல் ஆழமற்றது, மழைத்தண்ணீர் விழுந்தால் உப்பு விறுவிறென்று இறங்கிவிடும். வழுக்கியாறு ஊர்த்தண்ணீரையெல்லாம் அராலிப் பக்கம் கொண்டுவந்து விடுகிறது. படகு கட்டும் இடத்தில் மண்ணெண்ணெய்யும் மிதக்கும். தொண்டைமானாற்றுக் கதவுகள் திறந்திருக்கும் நாளில் அந்தப் பக்கத்து வடகடலும் நம்பத்தக்கதல்ல. அள்ளிய தண்ணீரை ஹைட்ரோமீட்டரில் பாருங்கள், 1.025 அளவில் நிற்க வேண்டும். கண்ணுக்குத் தெளிவாக இருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மழைக்கு முன்பே அள்ளி, அளந்து, இரண்டு கான்களில் மூடி வைத்திருப்பவர் தப்பினார்.

தொட்டியில் தண்ணீர் வற்றினால் உப்பு வற்றாது. நன்னீர்தான் விட வேண்டும். ஆனால் எந்த நன்னீர்? வலிகாமத்தின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் வந்த நைத்திரேற்று ஏறியிருப்பது பழைய கதை. வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடப்படும். குழாய்த்தண்ணீரிலும் குளோரீன் உண்டு. குடிக்கும் நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளையும், தொட்டியைக் காக்கும் பற்றீரியாவையும் அது எரித்துவிடும். ஆர்.ஓ. தண்ணீர் வாங்கி விடுங்கள், ஒரு கானின் விலைக்காகத் தொட்டியை இழக்காதீர்கள்.

கடலட்டைப் பண்ணைகள் பெருகியதால் குஞ்சு அட்டை ஒன்றை மண் துப்புரவாக்கத் தொட்டியில் விடும் ஆசை இங்கே வந்துவிட்டது. வேண்டாம். அட்டை செத்தாலோ, பம்ப்பில் சிக்கிக் கிழிந்தாலோ ஹொலோத்தியூரின் என்ற நஞ்சைக் கக்கும். சிறிய தொட்டியில் மீனெல்லாம் சரிந்துபோக அது போதும்.

சரி, எது கொன்றது என்று எப்படி அறிவது? முதலில் றாலைப் பாருங்கள். றாலும் சங்குக்குள் இருக்கும் நண்டும் மீனோடு சேர்ந்தோ மீனுக்கு முன்போ செத்திருந்தால், பூச்சிமருந்து அல்லது செப்பு போன்ற நஞ்சைச் சந்தேகியுங்கள். றால் நன்றாகத் திரிய மீன் மட்டும் ஓரிரு நாளில் ஒவ்வொன்றாய் விழுந்து, உடலில் பொன்தூசி படிந்ததுபோல் மினுங்கினால் அது வெல்வெட் ஒட்டுண்ணி. வேகமாகக் கொல்லும் நோய்களில் அதுவும் ஒன்று. அப்போதும் செப்பு மருந்தைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். றாலையும் முருகையையும் அது கொல்லும், கல்லில் ஊறிப் பல மாதம் நிற்கும். மீனை வேறு தொட்டிக்கு மாற்றி, அங்கே அளவு பார்த்துக் கொடுக்க வேண்டும்.

மற்றப்படி செத்த மீனை உடனே எடுங்கள். கல்லுக்குப் பின்னால் ஒன்று சிக்கியிருந்தால் தேடிப் பிடித்து எடுங்கள். அழுகும் ஒரு மீன் தரும் அமோனியா, pH 8.2 இல் இருக்கும் கடல்நீரில், pH 7 ஆன நன்னீரில் இருப்பதைவிடப் பத்து மடங்களவு நஞ்சு. கால்வாசித் தண்ணீரை, கானில் வைத்திருந்த அதே உப்பும் அதே சூடும் உள்ள நீரால் மாற்றுங்கள். வடிகட்டிக்கென்று விற்கும் கரியைப் போடுங்கள், அடுப்புக்கரி உதவாது. அமோனியா டெஸ்ட் கிட் இல்லாமல் கடல்மீன் வளர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

2019 செப்டெம்பரில் அக்கரையில், மண்டபம் பக்கத்து மன்னார் வளைகுடாவில், பூங்கோரை என்ற பாசி படர்ந்து கடல் பச்சையாகி, ஒட்சிசன் குறைந்து மீன்கள் கரையொதுங்கின. கடலுக்கே அந்த நிலை வரும்போது கண்ணாடிப் பெட்டிக்கு வராதா?

தொட்டி வெறுமையாகிவிட்டால் மறுநாளே புது மீன் வாங்காதீர்கள். கடலில் போய்ப் பிடித்து வரவும் வேண்டாம், முருகைக்கல் உடைப்பது சட்டப்படி குற்றம். ஆறு கிழமை தொட்டியை மீனில்லாமல் ஓடவிடுங்கள். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்தில் நிற்கிறதென்று கண்ட பிறகு ஒரே ஒரு மீனில் தொடங்குங்கள். அதற்கு முன், இன்று இருட்டுவதற்குள், பற்றரிப் பம்ப் ஓடுகிறதா என்று ஒருதரம் போட்டுப் பாருங்கள்.