இடப்பக்கம் ஒரு படம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ பவளத்திட்டில், மார்ச், ஏப்ரல் மாதங்களில் பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் பவளங்கள் முட்டையையும் விந்தையும் கடலில் சொரிகின்றன. அதையொட்டித் தண்ணீரில் மிதவை உயிரிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்னத் திமிங்கலச் சுறாக்கள் வருகின்றன. உலகின் மிகப் பெரிய மீனைப் படமெடுக்க நீரில் இறங்குகிறவரின் சங்கடமும் அங்கேயே தொடங்குகிறது. மீனை வரவழைக்கும் உணவுதான் தண்ணீரைக் கலக்கியும் வைக்கிறது. ஃபிளாஷ் போட்டால் ஒளி மீனை எட்டும் முன்பே துகள்களில் பட்டுத் திரும்பிவிடும். எப்படியும் அங்கே ஃபிளாஷுக்கு அனுமதி இல்லை. வெயிலை நம்பித்தான் எடுக்க வேண்டும். வெயிலின் சிவப்போ முதல் சில மீட்டர்களுக்குள் கடலில் அடங்கிவிடும். தள்ளிப் போனால் படம் மங்கும். நெருங்கலாம் என்றால், உடலிலிருந்து 3 மீட்டரும் வாலிலிருந்து 4 மீட்டரும் விலகி நிற்க வேண்டும் என்பது விதி. அந்தத் தூரத்தில் எட்டு மீட்டர் மீனை ஒரே படத்தில் அடக்க மிக அகன்ற கோண லென்ஸ் வேண்டும். இத்தனைக்கும் நடுவே அது நீந்திக்கொண்டே இருக்கிறது. சோம்பலாக வாலை அசைப்பதுபோல்தான் தெரியும். மனிதர் மூச்சிரைக்க நீந்தினாலும் பின்தங்கிவிடுவார்.

பெரும்பாலோர் எடுக்க ஆசைப்படுவது முகத்துக்கு நேரே, அகலத் திறந்த வாயோடு ஒரு படம். ஆய்வாளர்கள் கேட்பது வேறு: இடப்பக்கம், கடைசிச் செவுள் பிளவுக்குச் சற்றுப் பின்னால் உள்ள விலாப் பகுதி. அழகுப் போட்டிக்கு உதவாத படம்தான். ஆனால் இந்த மீனைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு இந்தச் சாதாரணப் படங்களிலிருந்து வந்தது.

சாம்பல்நீல முதுகில், யாரோ கோலத்துக்கு வைத்துவிட்டு இழுக்க மறந்ததுபோல வெள்ளைப் புள்ளிகள். ஒரு மீனின் புள்ளி வரிசை இன்னொரு மீனுக்கு இருக்காது. ஆண்டுகள் போனாலும் அது மாறுவதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான படங்களைக் கண்ணால் ஒப்பிட்டு மாளாது. கடல் உயிரியலாளர் பிராட் நார்மன், நிரலாளர் ஜேசன் ஹோம்பர்க், நாசாவின் வானியற்பியலாளர் ஜாவென் அர்சூமேனியன் மூவரும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். இரண்டு வானப் படங்களில் உள்ளவை ஒரே விண்மீன்களா என்று கண்டுபிடிக்க எட்வர்ட் குரோத் 1986-இல் ஒரு கணக்கு முறையை வகுத்திருந்தார். மும்மூன்று புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து, பக்கங்களின் விகிதங்களை ஒப்பிடும் முறை அது. படம் பெரிதானாலும் சிறிதானாலும் திரும்பினாலும் விகிதம் மாறாது. இருண்ட பின்னணியில் வெண்புள்ளிகள் என்பதால் சுறாவுக்கும் அது பொருந்தியது. 2005-இல் கட்டுரை வெளியானது. ஒன்று மட்டும் முக்கியம்: பக்கவாட்டில் நேராக எடுத்திருக்க வேண்டும். சாய்வாக எடுத்தால் முக்கோணங்கள் நெளிந்துவிடும்.

இப்படி ஒப்பிட்டுச் சேர்க்கும் படத் தொகுப்பில் இப்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்கள் தனித்தனியாக அடையாளம் காணப்பட்டுள்ளன. படங்களில் பெரும்பகுதி சுற்றுலாப் பயணிகளும் படகுக்காரர்களும் முக்குளிப்பவர்களும் கொடுத்தவை. வால் சிதைந்ததால் ‘ஸ்டம்பி’ என்று பெயர் பெற்ற ஒரு சுறாவை 1995-இல் நிங்கலூவில் நார்மன் படமெடுத்தார். இருபது ஆண்டுகள் கடந்த பிறகும் அது அங்கேயே வந்துகொண்டிருந்தது.

அடையாளம் உறுதியானதும் அடுத்த கேள்வி: எவ்வளவு வளர்கிறது? இரட்டைக் கேமராக்களால் நிங்கலூவில் 2009 முதல் 2019 வரை 54 சுறாக்களை மீண்டும் மீண்டும் அளந்தார்கள். ஆண்கள் வேகமாக வளர்ந்து எட்டு, ஒன்பது மீட்டரில் நின்றுவிடுகின்றன. பெண்கள் நிதானமாக வளர்ந்து சுமார் 14 மீட்டர் வரை போகின்றன. உடல் பெரிதாக இருந்தால் அதிகக் குட்டிகளைச் சுமக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

எத்தனை குட்டிகள் என்பதற்கு நம்மிடம் உள்ள சான்று ஒன்றே ஒன்று. 1995-இல் தைவானில் மீனவர்களிடம் சிக்கிய 10.6 மீட்டர் பெண் சுறாவின் வயிற்றில் சுமார் 300 கருக்கள் இருந்தன. சில இன்னும் முட்டை உறைக்குள்; சில அரை மீட்டருக்கு மேல் வளர்ந்து வெளிவரத் தயாராக. முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து குட்டிகளாகப் பிறக்கின்றன என்பது அன்றுதான் ஐயமறத் தெரிந்தது. பின்னாளில் 29 கருக்களின் மரபணுவைப் பார்த்தபோது எல்லாவற்றுக்கும் தந்தை ஒன்றே. ஒருமுறை பெற்ற விந்தைச் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாகப் பயன்படுத்துகிறதோ என்ற ஊகம் அதிலிருந்து பிறந்தது. அதற்குப் பிறகு இன்னொரு சூல்கொண்ட சுறா ஆய்வுக்குக் கிடைக்கவில்லை. நிங்கலூவில் கூடுபவை பெரும்பாலும் இளம் ஆண்கள். 2009-இல் பிலிப்பைன்ஸின் பிலார் கடற்கரையில், வாலில் கயிறு கட்டி முளையில் கட்டப்பட்டிருந்த சுமார் ஒன்றரை அடிக் குட்டி ஒன்று மீட்கப்பட்டுக் கடலில் விடப்பட்டது. அத்தனை சிறியவற்றை மனிதர்கள் பார்த்ததே மிக அரிது. இத்தனை குட்டிகளும் எங்கே வளர்கின்றன? இந்த மீனைப் பற்றிய கேள்விகளில் என்னை விடாமல் பிடித்திருப்பது இதுதான்.

விடை எளிதில் கிடைக்காது. ஏனென்றால் கேமரா எட்டும் நீர்மட்டம் அதன் வாழ்வின் மேல்விளிம்பு மட்டுமே. உடலில் பொருத்திய கருவி ஒன்று 1,928 மீட்டர் ஆழம்வரை இறங்கியதைப் பதிவுசெய்தது. அங்கே வெயில் என்பதே கிடையாது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2023-இல் இதன் கண்ணில் ஒளியை உணரும் ரொடாப்சின் புரதத்தை ஆராய்ந்தார்கள். ஆழக்கடலின் நீல ஒளிக்கு ஏற்ப அது மாறியிருக்கிறது. மாற்றம் நேர்ந்த இடங்களில் ஒன்று, மனிதரில் மாறினால் பிறவி மாலைக்கண் நோய் வரும் இடம். அந்த மாற்றத்தால் வெதுவெதுப்பில் புரதம் நிலைகுலைகிறது. ஆழத்தின் குளிரிலோ நன்றாக வேலை செய்கிறது. நமக்குக் குறையாவது அதற்குப் பார்வையாகியிருக்கிறது! அந்தக் கண்ணின் வெண்பகுதியில் பல்லைப் போன்ற நுண்செதில்கள் கவசமாக மூடியிருப்பதை 2020-இல் ஒகினாவா ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆபத்து நெருங்கினால் கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளவும் அதனால் முடியும்.

இரையைப் பற்றி எல்லாம் தெரியும் என்றிருந்தோம். 2022-இல் நிங்கலூ சுறாக்களின் தோல் மாதிரிகளைச் சோதித்தபோது, அவை மிதக்கும் பழுப்புக் கடற்பாசியையும் செரித்துக்கொள்கின்றன என்று தெரிந்தது.

2016 முதல் திமிங்கலச் சுறா அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இரைக்காக நீர்மட்டத்தில் நெடுநேரம் மிதப்பதால் கப்பல்கள் மோதிச் சாகின்றன. இந்தியாவில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற முதல் மீன் இதுதான், 2001-இல். மன்னார் வளைகுடாவில் சிக்கினாலும் வலையை அறுத்து விட்டாக வேண்டும்.

மாலத்தீவின் தென் ஆரி பவளத்தீவுகளில் ஆண்டு முழுவதும் இவற்றைக் காணலாம். நம்மூர் ஆட்கள் நிறையப் பேர் இப்போது அங்கே போகிறார்கள். போனால் தொடாதீர்கள், வழி மறிக்காதீர்கள். முகத்தைப் படமெடுத்த பிறகு இடப்பக்கம் விலாவையும் நேராக ஒரு படம் எடுங்கள். இரு பக்கப் புள்ளிகளும் வேறுவேறு என்பதால் வலப்பக்கமும் கிடைத்தால் நல்லது. இடத்தையும் தேதியையும் குறித்து அந்தத் தொகுப்புக்கு அனுப்பிவையுங்கள்.