உடலும் ஒரு கைபேசியும்: ஊவாவின் மாணவர்களுக்கு ஆற்றுகைக் கலை எதற்கு?

மொனராகலையின் இறப்பர்த் தோட்டமொன்றிலோ பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலோ பிறந்த ஒரு மாணவி, உயர்தரத்தில் சித்திரம் பாடத்தில் நல்ல பெறுபேறு பெற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஊவா மாகாணத்துக்கென்று பதுளையில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் ஆரம்பிக்கப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்தில் பட்டம் பெறலாம். ஆனால், காண்பியக் கலையைத் தமிழில் படிக்க வேண்டுமென்றால் அவர் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ பஸ் ஏற வேண்டும்.

அங்கே கரிக்கோல், வர்ணம், களிமண் எல்லாம் பழகிய பிறகு, ஸ்டூடியோ வகுப்பில் ஒரு நாள் வேறு மாதிரியான பயிற்சி வரும். எதையும் வரையக் கூடாது. உங்கள் உடலால் ஒரே ஒரு செயலைச் செய்யுங்கள். கைபேசியை ஓரிடத்தில் நிறுத்தி, மூன்று நிமிடம், வெட்டாமல் ஒட்டாமல் பதிவுசெய்யுங்கள். ஆற்றுகைக் கலையும் வீடியோ கலையும் கற்பிக்கப்படும் வகுப்புகள் இப்படியும் தொடங்கலாம். மாணவிக்கு முதலில் வருவது கூச்சம். அடுத்தது, “இதுவும் கலையா?” என்ற சந்தேகம். ஊரில் இருப்பவர்கள் பார்த்தால், “இதற்கா உன்னை இவ்வளவு தூரம் படிக்க அனுப்பினோம்?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. கடன்பட்டுப் படிக்க அனுப்பியவர்கள் கேட்கும் கேள்வி அது.

முதலில் ஆற்றுகைக் கலைக்கும் நாடகத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும். விரதமிருந்து வேடம் கட்டும் தொழிலாளி அந்த நேரத்தில் மன்மதனாகிறார், இன்னொருவர் ரதியாகிறார். கூத்தில் உடல் இன்னொருவராக மாறுகிறது. ஆற்றுகைக் கலையில் உடல் மாறுவதில்லை. செய்பவர் தானாகவே இருந்து, உண்மையான ஒரு செயலை, உண்மையான நேரத்துக்குள் செய்கிறார். களைப்பும் நடிப்பல்ல.

தாய்வானில் பிறந்து நியூயோர்க்கில் வாழ்ந்த டெசிங் சியே செய்த ஒரு வேலை இதற்கு நல்ல உதாரணம். 1980 ஏப்ரல் முதல் 1981 ஏப்ரல் வரை, ஒரு வருடம் முழுவதும், ஒவ்வொரு மணித்தியாலமும் தொழிற்சாலை வரவுப் பதிவு இயந்திரத்தில் தன் அட்டையைப் பதிந்தார். இரவிலும் விட்டுவைக்கவில்லை. மொத்தம் 8,760 தடவைகள் பதிய வேண்டியிருந்தது. அதில் 133 தவறிப்போயின, பெரும்பாலானவை தூக்கத்தினால். ஒவ்வொரு பதிவின்போதும் ஒரு படச்சட்டம் எடுக்கப்பட்டது. அந்த ஒரு வருடம் திரையில் ஆறு நிமிடமளவில் ஓடி முடிகிறது. தொடக்கத்தில் மழித்திருந்த தலையில் முடி வளர்ந்து தோளைத் தொடுவதை நாம் பார்க்கிறோம். காலம் ஒரு மனித உடலை என்ன செய்கிறது என்று விளக்க அதற்கு மேல் வசனம் தேவையில்லை.

இதைப் புரிந்துகொள்ள நியூயோர்க்கைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெரட்டுக்களத்தில் காலையில் நின்ற குடும்பத்துப் பிள்ளைக்கு இது உடனே விளங்கும். குறித்த அளவு கொழுந்து எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப் பேர். ஒரு மனிதரின் ஒரு நாளுக்குத் தோட்டத்தில் ‘பேர்’ என்றே பெயர். இறப்பர்த் தோட்டத்தில் விடியும் முன் மரத்துக்கு மரம் போய், ஒரே சாய்வில் பட்டையைச் சீவிப் பால் வெட்டுபவரின் கையும் அதே கணக்குக்குள்தான் அசைகிறது.

1975இல் அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ரோஸ்லர் சமையலறை மேசையின் பின்னால் நின்று, பாத்திரங்களை ஆங்கில அகரவரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அசையாத கமரா, ஆறு நிமிடங்கள், அவ்வளவுதான். கத்தியையும் கரண்டியையும் அவர் அசைக்கும் விதத்தில் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பட்டது. படங்கு, கூடை, மட்டக் கம்பு, தராசு என்று ஒரு தோட்டத்து மாணவி அடுக்கினால் அதற்கும் ஓர் அகரவரிசை உண்டு.

இலங்கையில் இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். 2000இல் உருவான தீர்த்த கலைஞர் குழு ஆற்றுகைக் கலைக்குத் தொடர்ந்து களம் அமைத்தது. அதன் பந்து மனம்பேரி இத்துறையில் முக்கியமானவர். மலையகத்திலிருந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் போய் நுண்கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம், தேயிலை வடிகட்டிகளையும் தேயிலைப் பைகளையும் கொண்டு தோட்டப் பெண்களின் வாழ்வைப் படைப்பாக்கினார். வீட்டில் கிடக்கும் பொருளே போதும் என்பதற்கு அவருடைய வேலைகள் சாட்சி.

ஆனால், இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. மலையக மக்கள் கமராவுக்குப் புதியவர்கள் அல்லர். கொழுந்தெடுக்கும் பெண் சுற்றுலா விளம்பரங்களில் சிரித்துக்கொண்டிருக்கிறார். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயன்கள் புதையுண்டபோதும் கமராக்கள் வந்தன. இரண்டிலும் எதைப் பதிவுசெய்வது, எதை விடுவது என்று தீர்மானித்தவர்கள் அந்த மக்கள் அல்லர். இப்போது பட்டப்படிப்பு மாணவி விடுமுறையில் வீட்டுக்கு வந்து, அம்மாவின் வெடித்த விரல்களைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு போய் வகுப்பில் புள்ளி வாங்கினால், அதுவும் அதே வரிசையில் சேர்ந்துவிடும்.

அதனால்தான் இந்த வகுப்பில் கமராவைக் கையாளுவதற்கு முன்பு பழக வேண்டியவை சில உண்டு. முதலாவது, எடுப்பவர் தன் உடலைத்தான் முதலில் கமராவின் முன் வைக்க வேண்டும். அம்மா காலை முதல் மாலை வரை செய்யும் அசைவை ஒரு மணித்தியாலம் தான் செய்து பார்த்தால், எது தன்னுடையது, எது அம்மாவுடையது என்று தெரிந்துவிடும். இரண்டாவது, அம்மாவைப் படம் எடுப்பதானால் அவர் முதலில் பார்த்து, “இதைக் காட்டலாம்” என்று சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். மூன்றாவது, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ காட்டுவதற்கு முன் லயத்து வாசலில் ஒரு சுவரிலோ வேட்டியிலோ காட்ட வேண்டும். விரிவுரையாளர்கள் புள்ளியிடும்போதும் இவற்றைக் கேட்கலாம்.

“இதற்கா படிக்க அனுப்பினோம்?” என்ற கேள்விக்கு லயத்து வாசலில்தான் பதில் கிடைக்கும். செக்ரோலில் ஒரு பேராகவும் அரைப் பேராகவும் மட்டும் எழுதப்பட்ட நாட்களை, தன் மகள் எப்படிப் பார்த்திருக்கிறாள் என்று அந்தத் தாய் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கட்டும். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவரே சொல்லட்டும்.