சீலை வேட்டையாடும் சுறாக்கள் எவை?



சுறா என்றதும் நம்மில் பாதிப் பேர் என்ன சொல்வோம்? "அய்யோ, கண்ணுல பட்டதையெல்லாம் கடிச்சுத் தின்னுடும்!" என்போம். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஆனால் உலகத்தில் 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை மீன், நண்டு, கணவாய் தின்பவை. சீல் என்கிற கடல்நாயைப் பிடித்துத் தின்னும் சுறாக்கள் கொஞ்சம்தான். அவை எவை என்று பார்ப்போமா?

கரையோரம் ஏன் வருகின்றன?

சீல் நம் கடற்கரையில் வாழ்வதில்லை. குளிர்ந்த கடல்களில்தான் அதிகம். அது மீன் இல்லை, நம்மைப் போல ஒரு பாலூட்டி. தோலுக்கு அடியில் கெட்டியான கொழுப்பு இருக்கும். அதற்குச் சாப்பாடு கடலில். ஆனால் குட்டி போடுவது பாறையிலோ மணலிலோ பனிக்கட்டியிலோதான். பசித்தால் கடலுக்குப் போயாக வேண்டும், குட்டிக்குப் பால் கொடுக்கத் திரும்பி வந்தாக வேண்டும். வயலுக்குத் தண்ணி திறந்துவிட்டால் கொக்கு எங்கே போய் நிற்கும்? மடை வாயில்தானே! சுறாவும் அப்படித்தான், சீல் போய் வருகிற வழியில் காத்திருக்கும்.

ஐந்து வேட்டைக்காரர்கள்

1. பெரிய வெள்ளைச் சுறா: இதுதான் முதலிடம். 6 மீட்டர், அதாவது 20 அடி வரை வளரும். நம் வகுப்பறை நீளம் இருக்கும்! சின்னதாக இருக்கும்போது மீன்தான் தின்னும். ஏறக்குறைய 3 மீட்டர் வளர்ந்த பிறகே சீலுக்கு மாறும். பல் முக்கோணமாக, ஓரத்தில் ரம்பம் போல இருக்கும். இதன் உடம்பு சுற்றியுள்ள தண்ணீரைவிடச் சூடாக இருப்பதால் குளிர்ந்த கடலிலும் வேகமாக நீந்தும்.

2. ஏழு செவுள் சுறா: பெரும்பாலான சுறாக்களுக்குப் பக்கத்துக்கு 5 செவுள் பிளவுகள். இதற்கு மட்டும் 7. சில நேரம் பல சேர்ந்து ஒரு சீலை வளைக்கும்.

3. புலிச்சுறா: ஹவாய்த் தீவுகளில் மாங்க் சீல்களைத் தின்கிறது. அந்த வகைச் சீல் உலகத்திலேயே சுமார் 1,600 தான் மிச்சம்.

4. கலாபகோஸ் சுறா: அதே ஹவாய்ப் பகுதியில், ஆழமில்லாத கரைத் தண்ணீருக்கே வந்து பால்குடி மாறாத சீல் குட்டிகளைப் பிடிக்கிறது.

5. கிரீன்லாந்து சுறா: ஆர்க்டிக் பனிக்கடலில் ஆமை போல மெதுவாக நீந்துவது. இதன் வயிற்றில் சீல் இறைச்சி இருந்திருக்கிறது. தூங்குகிற சீலைத்தான் பிடிக்கும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

சீல் தீவின் விடியற்காலை

தென் ஆப்பிரிக்காவில் கேப் டவுன் நகரத்துக்குப் பக்கத்தில் ஃபால்ஸ் விரிகுடா உள்ளது. அதன் நடுவே சீல் தீவு. சின்னப் பாறைத் தீவுதான், ஆனால் 60,000-க்கும் மேற்பட்ட சீல்கள் அதில் நெருக்கியடித்துக் கிடக்கும். நவம்பர், டிசம்பரில் பிறக்கும் குட்டிகள், அங்கே குளிர்காலம் வரும் மே மாதம் முதல் தாமாக நீந்திப் பழகும். வெள்ளைச் சுறா அதிகமாக வேட்டையாடியதும் அப்போதுதான்.

சூரியன் எழும் நேரம்தான் அதற்கு வசதி. மேலே லேசான வெளிச்சம், கீழே இருட்டு. சுறாவின் முதுகு கருஞ்சாம்பல் நிறம், அதனால் மேலே நீந்தும் சீலுக்குத் தெரியாது. கீழே இருக்கும் சுறாவுக்கோ சீலின் உருவம் நிழல் போலத் தெளிவாகத் தெரியும். அப்படியே நேராக மேலே பாயும். சில நேரம் சுறாவின் முழு உடம்பும் தண்ணீருக்கு வெளியே வந்துவிடும்! அவ்வளவு செய்தும் ஏறக்குறைய பாதித் தடவைதான் சீல் கிடைக்கும். முதல் பாய்ச்சலில் தப்பிய சீல் வளைந்து வளைந்து ஓடும். கொஞ்ச நேரத்தில் சுறா விட்டுவிடும். தனியாகத் திரும்பி வருகிற இளம் சீல்தான் அதிகம் மாட்டும்.

சுறாவைப் பிறகு காணோம்

அந்த விரிகுடாவில் மக்களும் குளிப்பார்கள். அவர்களைக் காக்க 2004-இல் ஒரு திட்டம் வந்தது. மலைமேல் ஒருவர் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பார். சுறா தெரிந்தால் கீழே சொல்வார். உடனே சங்கு ஊதும், சுறாப் படம் போட்ட வெள்ளைக் கொடி ஏறும், எல்லோரும் கரையேறுவார்கள். சுறாவைக் கொல்லாமலே ஆளைக் காப்பாற்றும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

2010 முதல் 2016 வரை அவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 205 முறை வெள்ளைச் சுறாவைப் பார்த்தார்கள். 2018-இல் 50 முறைதான். 2019-இல் ஒருமுறைகூட இல்லை!

எங்கே போயிற்று? 2015 முதல் இரண்டு ஓர்க்காக்கள் அந்தப் பக்கம் வரத் தொடங்கின. இவை டால்பின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய பிராணிகள். 2017-இல் பக்கத்திலுள்ள கான்ஸ்பாய் கடற்கரையில் வெள்ளைச் சுறாக்கள் ஈரல் இல்லாமல் செத்து ஒதுங்கின. சீலின் கொழுப்பைத் தின்று சுறா சேர்த்து வைப்பது அந்த ஈரலில்தான். ஓர்க்காவுக்கு அதுதான் வேண்டும். ஓர்க்காவுக்குப் பயந்து போய்விட்டன என்று சிலர் சொல்கிறார்கள். பல ஆண்டுகளாகத் தடுப்பு வலையிலும் தூண்டிலிலும் மாட்டிச் செத்ததுதான் காரணம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள்.

"நல்லதாப் போச்சு, சீலுக்குக் கொண்டாட்டம்" என்று தோன்றுகிறதா? 2025-இல் வெளியான ஆய்வு சொல்வதைக் கேளுங்கள். சீல்கள் பெருகின. அவை தின்கிற சின்ன மீன்கள் குறைந்தன. வெள்ளைச் சுறாவுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த ஏழு செவுள் சுறா, அந்த இடத்துக்கு வந்து பெருகியது. அது தின்கிற சிறிய சுறாக்கள் குறைந்தன. மேலே ஒன்று காணாமல் போனதும், கீழே வரிசையாக எல்லாம் மாறிவிட்டது. அறிவியல் பாடத்தில் உணவுச் சங்கிலி வரைந்து அம்புக்குறி போடுகிறோமே, அது இதுதான்.

சுறாவைப் பார்த்தால் எனக்கும் பயம்தான். அதற்காக அது ஒழிந்து போகட்டும் என்று நான் சொல்லமாட்டேன். இனிமேல் யாராவது "சுறான்னா எல்லாம் ஆளைத் தின்னும்" என்று சொன்னால், "எந்தச் சுறா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி