புறாத்தீவுக்குப் போகுமுன்

"புறாவா? கோயில் கோபுரத்திலேயே கூட்டமாக இருக்கிறதே. அதைப் பார்க்க நிலாவெளிக்குப் போய்ப் படகேற வேணுமோ?" என்று கேட்கிறாய், தம்பி. நல்ல கேள்வி. தேத்தண்ணியைக் குடி, சொல்கிறேன்.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் பிடித்து வளர்த்த மாடப்புறாவின் வழிவந்ததுதான் ஊர்ப்புறா. அதன் முன்னோர் வாழ்ந்தது பாறை விளிம்புகளில். அந்தப் பழக்கம் விடாததால்தான் இன்றைக்கும் மரக்கிளையை விட்டுச் சுவர் விளிம்பையும் கோபுரப் பொந்தையும் தேடுகிறது. நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் புறாத்தீவிலோ, புறா இன்னும் தன் பழைய வீடான பாறையிலேயே குடியிருக்கிறது.

நம் கட்டைபறிச்சானிலிருந்து மூதூர், கிண்ணியா, திருகோணமலை கடந்து நிலாவெளிக்குப் போகலாம். சித்திரை முதல் புரட்டாதி வரை கடல் பெரும்பாலும் அமைதி; வாடைக்காற்று தொடங்கினால் கொந்தளிப்புத்தான். வெள்ளைக்காரர் காலத்தில் அந்தத் தீவு துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம். 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது.

புறாவின் கூட்டைக் கொஞ்சம் நினைத்துப் பார். பாறை இடுக்கில் நாலு சுள்ளி, மேலே இரண்டு வெள்ளை முட்டை. தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாக்கும். பொரித்த குஞ்சுக்கு முதல் சில நாள் இரண்டும் தீனிப்பையில் சுரக்கும் பாலையே ஊட்டும். ஆள் பாறையில் ஏறினால் புறா எழும்பிவிடும். முட்டை வெயிலில் காயும், காகம் கொத்தும். நாம் எறியும் சோற்றுப் பார்சல் மிச்சந்தான் அந்தக் காகத்தைக் கூப்பிடுகிறது.

நிலாவெளிக் கரையில் அடம்பன் கொடியையும் பார். காலையில் ஊதாவாக விரியும் பூ, வெயில் ஏற வாடிவிடும். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து வைப்பது அந்தக் கொடிதான். 'அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு' என்று சும்மாவா சொன்னார்கள்? பூவுக்காகக் கொடியை இழுத்தால் மணலின் பிடி தளரும்.

தண்ணீருக்குள் இருக்கும் முருகைக்கல்லும் வெறுங்கல் இல்லை. சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டியது. மெல்ல மெல்ல வளர்வது, காலூன்றிய கணத்தில் நொறுங்கிவிடும்.

ஆகவே, காலையிலேயே போ. பாறையைத் தூர நின்று பார், முருகைக்கல்லின் மேல் நிற்காதே, கொண்டுபோன பொலித்தீனைத் திரும்பக் கொண்டுவா. சுடப் போன இடத்துக்கு இன்று பார்க்கப் போகிறோம். இந்த மாற்றம் நிலைப்பது நம் நடத்தையில்தான் இருக்கிறது.