அறை பிடிக்கும் முன் ஒரு போன்!

புதுச்சேரியில் கடற்கரை ஓரத்து வாடகை கட்டுப்படியாகவில்லையா? கடலூர் சாலையில் உள்ள முதலியார்பேட்டையைப் பாருங்கள். ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் அதிக தூரமில்லை. நோணாங்குப்பம் படகுக் குழாமுக்கும் இதே சாலைதான்.

ஆனால், ஒரே ஓட்டலை ஒருவர் ‘அருமை’ என்கிறார். அடுத்தவர் ‘தூக்கமே இல்லை’ என்கிறார். யாரை நம்புவது? இரண்டுமே உண்மையாக இருக்கலாம். சாலையைப் பார்த்த அறையில் ஹாரன் சத்தம். பின்பக்க அறையில் அமைதி!

அதனால், நட்சத்திரங்களை மட்டும் எண்ணாதீர்கள். கடந்த மூன்று மாதக் கருத்துகளைப் படியுங்கள். ஒருவர் மட்டும் சொன்னால் அது அவருடைய அனுபவம். ஐந்து பேர் அதே தண்ணீர்ப் பிரச்னையைச் சொன்னால் அது ஓட்டலின் குறை.

பிறகு நேரடியாக போன் செய்யுங்கள். பின்பக்க அறை கிடைக்குமா? லிஃப்ட் எல்லா மாடிக்கும் போகுமா? கார் நிறுத்த இடம் உண்டா?

மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. முழங்கால் வலியுள்ள பாட்டி உடன் வந்தால், ஆட்டோ எதுவரை போகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டி கடலைப் பார்க்காமல் திரும்பினால், ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் இருந்து என்ன பயன்?